வாசல் வாளி

"அப்பாவுக்கு மிஷின்னா அத்துப்படி. உசிருன்னா ஆகாதுடீ."

ஜெனிட்டா பின்கட்டில் நின்று போனில் சிநேகிதியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூட இன்னாசிமுத்துவுக்குத் தாங்கியிருக்கும்.

மகளின் பெட்டியில் வைப்பதற்காக மடித்த துண்டுகளோடு அவர் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றார். சத்தமில்லாமல் திரும்பிப் போனார். துண்டுகளைப் பிரித்து, உதறி, மறுபடி மடித்தார்.

அன்று மாலை அவள் வேலைக்காகப் பெங்களூருக்குக் கிளம்பினாள்.

கிளம்பும்போது கூடத்து மேசையில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினாள். கடல் தண்ணீர்த் தொட்டி. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு மீன்கள். அவை ஒண்டிக்கொள்ள ஒரு கடல் சாமந்தி. பார்க்கப் பூ மாதிரி இருக்கும், ஆனால் அதுவும் பிராணிதான். கல்லைப் பிடித்துக்கொண்டு நாளெல்லாம் விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும்.

"கிறிஸ்மஸுக்கு வாரேன். அதுவரைக்கும் பாத்துக்கிடுவீங்களாப்பா?"

"பாத்துக்கிடுதேன்."

"ஏதாவது ஆச்சுன்னா சொல்லிருங்க. மறைக்காதீங்க."

"ஒண்ணும் ஆகாது."

பஸ் கிளம்பியதும் அவர் வீட்டுக்கு வந்து, அவள் நடந்துபோன இடத்தைத் துடைத்தார்.

இன்னாசிமுத்து கப்பலில் எஞ்சினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்த பிறகு வீட்டையும் எஞ்சின் அறை மாதிரியே வைத்துக்கொண்டார். தரையில் முகம் பார்க்கலாம். தோளில் எந்நேரமும் ஒரு துடைக்கிற துணி கிடக்கும்.

வாசலில் ஒரு நீல வாளி. அதில் எப்போதும் தண்ணீர் நிறைந்திருக்கும். யார் வந்தாலும் கால் கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்.

தூத்துக்குடியில், கடலை ஒட்டிய தெரு அது. அங்கே மணல் ஒட்டாத கால் கிடையாது. வருகிறவர்கள் கொஞ்ச நாளில் வாசலிலேயே நின்று பேசினார்கள். அப்புறம் தெருவில் நின்று பேசினார்கள். அப்புறம் போகிற போக்கில் கையை மட்டும் ஆட்டினார்கள்.

அவரும் கையை ஆட்டினார்.

மகள் போன மறுநாள் இன்னாசிமுத்து தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

கண்ணாடியில் பாசி. அடியில் வண்டல். மூலையில் பழுப்பேறிய ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், குமிழி விட்டுக்கொண்டிருந்தது. சிமென்ட்டையும் சிப்பித் தூளையும் பிசைந்து ஜெனிட்டாவே செய்த கற்கள். கடலிலிருந்து பவளக் கல் எடுப்பது குற்றம் என்பதால் அப்படிச் செய்திருந்தாள். அவற்றின் மேல் வழுவழுவென்று என்னென்னவோ படிந்திருந்தது.

"இதுக்குள்ளயா ஒரு உசிரு இருக்கும்?" என்று அவர் வாய்விட்டுச் சொன்னார். கேட்க ஆளில்லை.

பெரிய தொட்டி ஒன்று வாங்கினார். அதன் கீழே தரையில் ஃபில்டருக்கென்று இன்னொரு தொட்டி. மேல்தொட்டி நிரம்பி வழிகிற தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். பஞ்சு வழியாகப் போகும். நுரை கிளப்பும் குழாய்க்குள் சுழன்று, கசடெல்லாம் நுரையோடு வெளியேறும். பிறகு கிருமி கொல்லும் நீல விளக்கைக் கடந்து, பம்பு அதை மறுபடி மேலே தள்ளும். ஒரு இணைப்பில்கூட ஒரு சொட்டு ஒழுகவில்லை. கப்பலில்கூட அவர் இவ்வளவு அழகாகக் குழாய் போட்டதில்லை.

கற்களைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் குழாயடியில் கழுவினார். மணலை, அலசுகிற தண்ணீர் தெளியும்வரை அலசினார். பழுப்பு ஸ்பாஞ்சைக் குப்பையில் போட்டார். தெரிந்த படகுக்காரரிடம் சொல்லி நடுக்கடல் தண்ணீர் கேன் கேனாக வந்து இறங்கியது.

மீன்களையும் சாமந்தியையும் புதுத் தொட்டிக்கு மாற்றியதும், தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று விரலை விட்டுப் பார்த்தால்தான் தெரிந்தது.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினார்.

'செமப்பா' என்று வந்தது. அன்றைக்கெல்லாம் அவர் போனை எடுத்து எடுத்து அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தார்.

அந்த வாரமே மீன்கள் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்தன. சாமந்தி விரல்களை உள்ளிழுத்து, மூடிய கைமுட்டி மாதிரி ஆகிவிட்டது.

அவர் பம்பின் வேகத்தைக் கூட்டினார். பஞ்சைக் காலையும் மாலையும் மாற்றினார்.

முட்டி இன்னும் இறுகியது.

அடுத்த தெருவில் செண்பகவல்லி என்று ஒருத்தி இருந்தாள். ஜெனிட்டாவைவிடச் சில வயதே மூத்தவள். கல்லூரியில் கடல் உயிர்களைப் பற்றிப் பாடம் நடத்தியவள். வேலையை விட்டும் 'டீச்சர்' என்ற பேர் அவளை விடவில்லை. ஊரில் கடல் மீன் வளர்க்கிறவர்கள் ஏதாவது ஒன்று என்றால் அவளிடம்தான் ஓடுவார்கள். அவள் அதிகம் பேசமாட்டாள் என்று அவர்களே சலித்தும் கொள்வார்கள்.

இன்னாசிமுத்து அவள் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வாளியைத் தேடினார். இல்லை. உள்ளே காலடியில் மணல் நறநறத்தது. ஈரத் துணிகள், கவிழ்ந்து கிடந்த ஒரு மூன்று சக்கர சைக்கிள், எதையோ தின்றுகொண்டிருந்த பூனை. சுவரோரம் பாசி பிடித்த பழைய தொட்டிகள்.

அவள் தரையில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. மீன் வாயப் பொளக்குதாக்கும்."

"எப்படித் தெரியும் டீச்சர்?"

"பின்ன, இறால் கொழம்புக்கா வந்தீங்க?"

அவர் போனில் படத்தைக் காட்டினார். குழாய் குழாயாக விளக்கினார். எங்கே இறங்குகிறது, எங்கே நுரைக்கிறது, எங்கே ஏறுகிறது. அவள் இறாலை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு டீச்சர். ஆனாலும் சாவக் கெடக்கு. என்ன கொற?"

"ஃபில்டர்ல யாரு இருக்கா?"

"யாருன்னா?"

"யாரு இருக்கான்னு கேக்கேன்."

"நாந்தான் செஞ்சேன்."

"செஞ்சது யாருன்னு கேக்கல. அண்ணாச்சி, நீங்க கப்பல்ல எஞ்சினியரா இருந்தீங்களா, எஞ்சினாவே இருந்தீங்களா?"

அவர் வீட்டுக்குப் போனார். பம்பை நிறுத்தி, ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் துணி விரித்து வரிசையாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் மறுபடி மாட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"பம்பு இருக்கு. குழாய் இருக்கு. பஞ்சு இருக்கு, லைட்டு இருக்கு. யாரும் இல்ல."

"அதான் அண்ணாச்சி."

அவள் எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, இருப்பதிலேயே பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை உருவினாள். பழுப்பாய்ச் சொட்டியது. வற்றிய கழிமுகத்தின் வாடை அடித்தது. அதைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

"இத உங்க ஃபில்டர்ல வையுங்க. தெனமும் பாதித் தண்ணிய மாத்துங்க. தீனியக் கொறைங்க."

வழியெல்லாம் பையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தார் அவர்.

ஒரு மீன் செத்துப்போயிற்று. காலையில் பஞ்சு மாற்றப் போனபோது, மேலிருந்து வழிந்த தண்ணீரோடு வந்து பஞ்சின்மேல் கிடந்தது. வெள்ளைப் பட்டை மட்டும் அப்படியே இருந்தது.

மற்றது கண்ணாடியோரமாக மேலும் கீழும் நீந்திக்கொண்டிருந்தது. துணை தேடுகிறதோ என்று குனிந்து பார்த்தார். கண்ணாடியில் தெரிந்த தன் நிழலோடு அது நீந்திக்கொண்டிருந்தது. அவ்வளவு சுத்தமான கண்ணாடி.

அதற்கு மேல் கண்ணாடியில் அவருடைய முகமும் தெரிந்தது.

"நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் டீச்சர். ஒண்ணு போயிட்டு."

தன் வீட்டுக் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த செண்பகவல்லி கையை நிறுத்தினாள்.

"ஸ்பாஞ்ச வச்சீங்களா?"

"வச்சேன்."

"எப்படி வச்சீங்க?"

"சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல காயவச்சு, புதுசு மாதிரி ஆக்கித்தான் வச்சேன். அப்படியே வைக்க மனசு வரல."

அவள் எழுந்து அடுக்களைக்குள் போனாள். ஆவி பறக்க ஒரு கிளாஸ் டீயோடு வந்தாள். அவர் கையை நீட்டினார்.

அவள் கொடுக்கவில்லை. அவரைத் தாண்டி முற்றத்துக் குழாயடிக்குப் போனாள். டீயைக் கீழே ஊற்றினாள். கிளாஸைப் பவுடர் போட்டுத் தேய்த்தாள். உள்ளே விரலை விட்டுச் சுழற்றிக் கழுவினாள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். துண்டால் துடைத்தாள். பளபளவென்று இருந்தது.

கொண்டுவந்து அவர் கையில் வைத்தாள்.

"குடிங்க அண்ணாச்சி."

அவர் கிளாஸைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"இதுல டீ எங்க?"

"அதத்தான் நானும் கேக்கேன்."

பூனை வந்து அவர் காலில் உரசியது. அவர் காலை இழுத்துக்கொள்ள மறந்தார்.

"அந்த அழுக்குலயா?" என்றார்.

"அதுல குடியிருக்கறவங்க நம்ம கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. மீனு கழிக்கறது மீனுக்கே வெசம். இவங்களுக்கு அதுதான் சாப்பாடு. அவங்கதான் ஃபில்டரு. மத்ததெல்லாம் வெறும் குழாய்."

"நான் எல்லாரையும் கழுவி விட்டுட்டேனா?"

அவள் அந்தக் கிளாஸை வாங்கிக்கொண்டு போய், அதில் வேறு டீ ஊற்றிக் கொண்டுவந்தாள்.

மறுநாள் செண்பகவல்லி அவர் வீட்டுக்கு வந்தாள். கையில் மூடி போட்ட ஒரு டப்பா. வாசல் வாளியில் தண்ணீர் மொண்டு கால் கழுவிவிட்டு உள்ளே வந்தாள்.

அவள் பின்னாலேயே இன்னாசிமுத்து குனிந்தபடி வந்தார். ஈரத் தடம் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வந்தார்.

அவள் திரும்பிப் பார்த்தாள். நடந்து வந்த வழி முழுக்கப் பளிச்சென்று இருந்தது. அவள் வந்ததற்கே அடையாளம் இல்லை.

நீல விளக்கின் பிளக்கைப் பிடுங்கினாள். கண்ணாடி துடைக்கும் துணியை எடுத்து அலமாரிக்கு மேலே எட்டாத உயரத்தில் போட்டாள். டப்பாவைத் திறந்து காட்டினாள். கறுத்த சேறு. அதன்மேல் சிக்குப் பிடித்த தலைமுடி மாதிரி ஒரு பச்சைப் பாசி. ஓரத்தில் எதுவோ நெளிந்து சேற்றுக்குள் போனது.

"என் தொட்டியிலருந்து எடுத்தது. இவங்களுக்கு ஒரு வீடு வேணும். மேலருந்து வாற தண்ணி இவங்க மேல தவழ்ந்து போகணும். மேல ஒரு பல்பு போடுங்க."

"நல்லதா ஒண்ணு வாங்கிருதேன்."

"வாங்க வேண்டாம். வீட்டுல இருக்கறதுல ஒண்ணு. உங்களுக்கு ரொம்பத் தேவையில்லாதது எதுவோ அது."

"இந்த வீட்டுல தேவையில்லாததுன்னு ஒண்ணுமே கிடையாது டீச்சர்."

"தேடிப் பாருங்க."

அவள் வாசலில் நின்று செருப்பை மாட்டினாள். தலை நிமிராமல் கேட்டாள்.

"இங்க யாரு இருக்கா அண்ணாச்சி?"

"அன்னைக்கே சொன்னேனே டீச்சர். யாரும் இல்லன்னு."

சொன்ன பிறகுதான், அவள் ஃபில்டருக்குப் பக்கத்தில் நிற்கவில்லை என்பதைக் கவனித்தார். அதற்குள் அவள் தெருவில் இறங்கிவிட்டாள்.

தரை துடைத்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் அங்கேயே நின்றார்.

அன்று முழுவதும் தேடினார். அடுக்களையில் பாத்திரங்கள் அளவுவாரியாக அடுக்கியிருந்தன. அவர் ஒருவருக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளர். மற்றவை கவிழ்த்தபடி மினுங்கின. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தார். மேசையில் டப்பா காத்துக்கொண்டிருந்தது. மூடியைத் திறந்து பார்த்தார். நெளிந்தது எதுவோ இன்னும் இருந்தது. அதற்கு மூச்சு முட்டுமோ என்று திறந்தே வைத்தார்.

சாயங்காலம் வாசலில் வந்து நின்றார். எதிர்வீட்டு ஸ்டெல்லா கையை ஆட்டினாள். அவரும் ஆட்டினார்.

பிறகு குனிந்து, வாளியில் இருந்த தண்ணீரைத் தெருவில் ஊற்றினார்.

வாளியை முதல் தடவையாகச் சோப்புப் போடாமல் அலசினார். விளிம்புக்குக் கொஞ்சம் கீழே துளை போட்டுக் குழாய் மாட்டினார். கீழ்த்தொட்டிக்குப் பக்கத்தில் இரண்டு செங்கலின் மேல் வைத்தார். சேற்றை அதில் கொட்டினார். கை மணிக்கட்டு வரை கறுப்பானது. மேலே பல்பைத் தொங்கவிட்டார்.

தண்ணீர் வாளிக்குள் வந்து, சேற்றின்மேல் தவழ்ந்து, கீழே போனது.

வாசலில் வாளி இருந்த இடத்தில் வெள்ளையாய் ஒரு வட்டம் மிஞ்சியது.

வாளி போனதால் யாரும் ஓடி வந்துவிடவில்லை. ஒரு நாள் ஸ்டெல்லா முறுக்கு கொண்டுவந்தாள். படியில் ஒரு காலைத் தூக்கியபடி வாளியைத் தேடினாள்.

"வாளி எங்க அண்ணாச்சி?"

"அதுக்கு வேற வேலை வந்துட்டு."

"அப்ப காலு?"

"பரவாயில்ல. உள்ள வாங்க."

அவள் தரையைப் பார்த்தாள். தன் காலைப் பார்த்தாள். "இன்னொரு நாளைக்கு வாரேன் அண்ணாச்சி" என்று தட்டைப் படியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அவர் முறுக்கை வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தின்றார்.

அந்த வாரம் மகளைப் போனில் கூப்பிட்டார்.

"ஒரு மீன் செத்துப்போயிட்டும்மா."

அவர் தோள் துணியை இழுத்து மேசை விளிம்பைத் துடைத்தார்.

"நாந்தான். எல்லாத்தையும் கழுவிட்டேன். சாமந்தியும் இன்னும் தெறக்கல."

"சரிப்பா."

"நீ வாறதுக்குள்ள அதுவும்…"

"சரிப்பா. வைக்கேன், மீட்டிங் இருக்கு."

கண்ணாடியின் பின்பக்கம் மெல்லப் பச்சையானது. துடைக்கக் கை பரபரக்கும்போதெல்லாம் அவர் எழுந்து தெருமுனை வரை நடந்துவிட்டு வந்தார். நாளடைவில் பாசி பின்பக்கத்தையும் இரு ஓரங்களையும் மூடியது. மீனுக்குத் தன் நிழல் தெரியாமல் போயிற்று. அது மேலும் கீழும் அலைவதை விட்டுவிட்டு, மூடிக் கிடந்த சாமந்தியின் பக்கத்தில் போய் நின்றது. எதற்கோ காத்திருப்பது மாதிரி நின்றது.

அவரும் அந்தப் பக்கமாக நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

வாளியில் பாசி அடர்ந்தது. அதற்குள் எள்ளைவிடச் சின்னதாக என்னென்னவோ ஓடின. அவற்றை எண்ண முயன்று தோற்றார்.

ஒரு மத்தியானம் சாமந்தியின் முட்டியிலிருந்து ஒரு விரல் வெளியே வந்திருந்தது.

சட்டையை மாட்டிக்கொண்டு வேகவேகமாக அடுத்த தெருவுக்கு நடந்தார். செண்பகவல்லி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

"தெறக்குது டீச்சர்."

"சரி அண்ணாச்சி" என்றாள். அடுத்த உருண்டையைப் பிசைந்தாள்.

கொஞ்ச நேரம் நின்றார். வேறு யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. திரும்பி வந்தார். வழியில் மழை பிடித்துக்கொண்டது.

கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் காலை ஜெனிட்டா வந்தாள். இரவெல்லாம் மழை பெய்து தெரு சேறாகிக் கிடந்தது. பஸ் நிறுத்தத்திலிருந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டே நடந்து வந்திருந்தாள்.

வாசலில் பழக்கத்தில் வலது காலைத் தூக்கினாள். கை தானாக வாளிக்குப் போனது. அங்கே வெள்ளை வட்டம் மட்டும் இருந்தது.

"வாளி எங்கப்பா?"

"உள்ள இருக்கு."

"கால் கழுவணுமே."

"மொத வந்து பாரு."

அவள் தயங்கினாள். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேராகத் தொட்டியை நோக்கி நடந்தாள். வெள்ளைத் தரையில் சேற்றுத் தடம் ஒவ்வொன்றாக விழுந்தது. ஐந்து விரலும் தெளிவாக விழுந்தன.

சாமந்தி கை அகலத்துக்கு விரிந்திருந்தது. அதன் நடுவில் மீன் புதைந்துகொண்டு, முகத்தை மட்டும் வெளியே நீட்டியது.

கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றாள். பிறகு பல்பு எரிகிற பக்கம் திரும்பினாள். நீல வாளி. மண்டியிட்டு அதற்குள் எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, உள்ள ஏதோ ஓடுது. நெறைய இருக்கு. யாருப்பா இதெல்லாம்?"

இன்னாசிமுத்து தோளில் கிடந்த துணியை எடுத்தார். வாசல்வரை நீண்ட தடங்களைப் பார்த்தார்.

துணியை நாலாக மடித்து, வாளிக்குப் பக்கத்தில் தரையில் போட்டு, மகளை அதில் உட்காரச் சொன்னார். அவர் அவளுக்கு அடுத்து, அவளுடைய சேற்றுத் தடத்தின்மேல் உட்கார்ந்தார்.